தனிச் செய்தியில் ஓட்டு கேட்கலாமா?

கேள்வி இதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கம். தோட்டம் கைமாறி, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் போய், ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்துவிட்டது. உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் ஊரிலேயே தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) இருக்கிறார்கள். மற்றவர்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். அதனால் இந்த முறை செயலவைத் தேர்தலை இணையத்தில் நடத்துகிறார்கள். தலைவர் பதவிக்கு நிற்கும் ஒருவர் உறுப்பினர்களுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தனித்தனியாகச் செய்தி அனுப்பி ஓட்டு கேட்டிருக்கிறார். எதிர்த் தரப்பு அவரைத் தகுதிநீக்கம் செய்யச் சொல்கிறது. அவர் தரப்போ, "ஓட்டு கேட்காமல் என்ன தேர்தல்?" என்கிறது. தேர்தல் குழுவில் இருக்கும் நீங்கள், தனிச் செய்தியில் பிரசாரம் செய்வதைத் தடுக்கலாமா, விதி எழுதினால் எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வட்டாரத்தில் கோயில், பள்ளி, சங்கம் என்று பல இடங்களில் தேர்தல் அதிகாரியாக உட்கார்ந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தடை வேண்டாம். ஆனால் விதி கட்டாயம் வேண்டும்.

முதலில் இந்த ஆண்டு விவகாரத்தை முடித்துவிடுவோம். உங்கள் சட்டவிதியில் தனிச் செய்தி பற்றி ஒரு வரியும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அவரைத் தகுதிநீக்கம் செய்ய முடியாது. செய்தி அனுப்பிய பிறகு விதி எழுதி, அந்த விதியை மீறினார் என்று சொல்வது நியாயமில்லை. அவர் அனுப்பிய செய்தியை வாங்கிப் படியுங்கள். "நான் நிற்கிறேன், இதைச் செய்ய நினைக்கிறேன், ஆதரவு தாருங்கள்" என்று மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள். மற்ற வேட்பாளரைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், அதை எல்லா உறுப்பினர்களும் இருக்கும் புலனப் பொதுக் குழுவில் போடச் சொல்லுங்கள், எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். இந்தத் தேர்தலுக்கு அதற்கு மேல் உங்களுக்கு அதிகாரம் இல்லை.

சரி, அடுத்த தேர்தலுக்கு வருவோம்.

தடை போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புலனத்தில் இருவருக்கு இடையில் போகும் செய்தியை அவர்களைத் தவிர வேறு யாராலும் படிக்க முடியாது. குழு நிர்வாகிக்கும் தெரியாது, தேர்தல் குழுவுக்கும் தெரியாது. யாராவது காட்டிக்கொடுத்தால்தான் தெரியும். ஆக, தடை இருக்கும் தேர்தலில் விதியை மதிப்பவர் வாயை மூடிக்கொண்டு இருப்பார், மதிக்காதவர் அனுப்பிக்கொண்டே இருப்பார். கடைசியில் மாட்டுவது, தெரியாத்தனமாக எதிர்த் தரப்பு ஆளுக்கே அனுப்பிவிட்ட அப்பாவிதான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தடையால் லாபம் அடைவது யார்? ஏற்கெனவே பதவியில் இருப்பவர். அவர் வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லாரையும் பார்க்கிறார். கல்யாணத்துக்குப் போனால் ஒவ்வொரு மேசையாகப் போய் நலம் விசாரிக்கிறார். ஊரில் இருக்கும் உறுப்பினர் அத்தனை பேருக்கும் அவர் முகம் தெரியும். புதிதாக நிற்கும் பெண், கிள்ளானில் வேலை செய்கிறாள் என்று வையுங்கள். அவளுக்கு இருப்பது கைப்பேசி மட்டும்தான். அதையும் பிடுங்கிவிட்டு, "இப்போது இருவரும் சமம்" என்று சொன்னால் அது சமம் ஆகாது. சிதறிப்போன ஒரு தோட்டத்து மக்களுக்குத் தேர்தலை இணையத்துக்குக் கொண்டுவந்ததே தூரத்தில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளத்தானே.

நம் பக்கம் ஆளுக்கு ஆள் பேசித்தான் எல்லாமே வளர்ந்திருக்கிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் நேரில் பேசித்தான் அவர்களைப் பங்குதாரர்களாக்கினார்கள். ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து கேட்பதை மரியாதையாக நினைக்கும் மக்கள் நாம். கைப்பேசியில் தனியாக ஒரு வார்த்தை கேட்பதும் அதே வழிதான்.

அப்படியானால் எது தவறு? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சங்கங்கள் தவறான இடத்தில் கோடு போடுகின்றன.

ஒரு வேட்பாளர் தனிச் செய்தியில், "போன செயலவையில் திருவிழாக் கணக்கு சரியாக வரவில்லை, யார் பொருளாளர் என்று உங்களுக்கே தெரியும்" என்று நாற்பது பேருக்கு அனுப்புகிறார். அந்தப் பொருளாளருக்கு இது தெரியவே தெரியாது. ரசீதுப் புத்தகம் அவர் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கேட்டிருந்தால் காட்டியிருப்பார். யாரும் கேட்கவில்லை. தேர்தலில் தோற்று, ஆறு மாதம் கழித்து ஒரு சாவு வீட்டில் யாரோ வாய்தவறிச் சொல்லும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிகிறது. இந்த வகைச் சேதம்தான் தேர்தல் முடிந்த பிறகும் சங்கங்களைப் பிளக்கிறது. ஒரே தோட்டத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போகாமல் நின்றுவிடுகிறார்கள். இதே குற்றச்சாட்டு பொதுக் குழுவில் வந்திருந்தால் கால் மணி நேரத்தில் ரசீதின் படம் பதிலாக வந்திருக்கும்.

இரண்டாவது, ஆளுக்கொரு வாக்குறுதி. "அண்ணே, நான் வந்தா உங்களத்தான் துணைத் தலைவரா போடுவேன்" என்று ஒருவருக்கு. அதே வார்த்தையை இன்னொருவருக்கும். தனித்தனி அறையில் பேசுவதால் இருவருக்கும் தெரியாது.

மூன்றாவது, அழுத்தம். தோட்டத்துச் சமூகத்தில் யாரும் வெறும் வாக்காளர் இல்லை. ஒருவர் மாமா, ஒருவர் சித்தப்பா, ஒருவர் பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், ஒருவர் அவசரத்துக்குப் பணம் கொடுத்தவர், ஒருவர் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். பொதுவில் எழுதப்பட்ட ஒரு வேண்டுகோளைக் கண்டும் காணாமல் விடலாம். பெயர் சொல்லித் தனியாக வந்த செய்திக்கு, அதுவும் படித்துவிட்டோம் என்று இரண்டு நீலக் குறி விழுந்த பிறகு, பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "சரிப்பா, போடுறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். சொன்ன பிறகு மனசாட்சி கட்டிப்போடுகிறது. வயதானவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

நான்காவது, உறுப்பினர் பட்டியல். இதைத் தனியாகப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் பெரிய அநியாயம் இங்கேதான் சத்தமில்லாமல் நடக்கிறது.

இணையத்தில் வளர்ந்த பெரிய சமூகங்கள் இதே சிக்கலைப் பல ஆண்டுகளாகச் சந்தித்துவிட்டன. அவர்கள் எங்கே கோடு போட்டார்கள் என்று பார்த்தால் நமக்கு உதவும். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஆள் திரட்டுவது பற்றி ஒரு வழிகாட்டி இருக்கிறது. ஒரு விவாதத்துக்கு மற்றவர்களை அழைப்பதை அது தடுக்கவில்லை. நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள், செய்தி நடுநிலையாக இருந்ததா, உங்கள் பக்கம் சாய்வார்கள் என்று தெரிந்தவர்களை மட்டும் பொறுக்கி அனுப்பினீர்களா, வெளிப்படையாகச் செய்தீர்களா. அங்கே ஒருவருக்கொருவர் எழுதும் பேச்சுப் பக்கம்கூட எல்லாரும் படிக்கக்கூடியது. அதனால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மின்னஞ்சலில் ரகசியமாக ஆள் சேர்ப்பதை அவர்கள் கடுமையாகப் பார்க்கிறார்கள். 2009இல் கிழக்கு ஐரோப்பா தொடர்பான கட்டுரைகளில் ஈடுபட்ட சிலர் ஒரு தனி மின்னஞ்சல் குழு வைத்துக்கொண்டு கூட்டாகச் செயல்பட்டது அம்பலமாகி, அங்கே சச்சரவுகளைத் தீர்க்கும் நடுவர் குழு விசாரித்துப் பலர்மேல் நடவடிக்கை எடுத்தது. அவர்கள் நண்பர்களாக இருந்தது யாருக்கும் பிரச்சினை இல்லை. மற்றவர்களுக்குத் தெரியாமல் அணி சேர்ந்து, தனித்தனி ஆட்கள்போல் வந்து நின்றதுதான் பிரச்சினை.

அந்த வழிகாட்டி முக்கியமாக விவாதங்களுக்கானது, பதவித் தேர்தலுக்கு அப்படியே பொருந்தாது. ஓட்டு கேட்கும் வேட்பாளர் நடுநிலையாக எழுத முடியாதல்லவா. பதவித் தேர்தலுக்கு நல்ல உதாரணம் டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம். உலகெங்கும் சிதறியிருக்கும் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேட்புமனுவுக்கு ஒரு காலம், பிரசாரத்துக்கு ஒரு காலம், வாக்களிப்புக்கு ஒரு காலம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேட்பாளரும் தன் கொள்கையை எழுதிப் பொதுவில் வைக்கிறார். கேள்விகள் எல்லாரும் படிக்கும் அஞ்சல் குழுவில் வருகின்றன, பதிலும் அங்கேயே வருகிறது. வாக்கு மட்டும் ரகசியம். விக்கிப்பீடியாவின் நடுவர் குழுத் தேர்தலிலும் கேள்வி பதில் பொதுவில் நடக்கிறது, வாக்கு 2009 முதல் ரகசியமாகப் பதிவாகிறது.

நம் சங்கங்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. பேச்சு ரகசியமாக நடக்கிறது, வாக்கு ஊருக்கே தெரிகிறது. புலனத்தின் கருத்துக்கணிப்பு வசதியில் தேர்தல் நடத்துகிறார்கள் சிலர். அதில் யார் எதற்கு அழுத்தினார் என்று குழுவில் உள்ள எல்லாருக்கும் பெயரோடு தெரியும். தனியாக ஓட்டு கேட்ட மாமா, மருமகன் எங்கே அழுத்தினான் என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தயவுசெய்து அந்த வசதியைப் பதவித் தேர்தலுக்குப் பயன்படுத்தாதீர்கள். நம் பெற்றோரின் தோட்டத் தொழிற்சங்கங்களுக்குக்கூட, 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி, பொறுப்பாளர் தேர்தலில் ரகசிய வாக்கு கட்டாயம். பிள்ளைகள் நடத்தும் சங்கம் அதைவிடக் கீழே இறங்கக் கூடாது. வாக்கு ரகசியமாக இல்லாத தேர்தலுக்கு நான் சொல்லும் மற்ற எந்த விதியும் உதவாது.

இப்போது விதிக்கு வருகிறேன். முதல் விதி இதுவாக இருக்கட்டும்:

"தனிச் செய்தியில் வேட்பாளர் தன்னைப் பற்றியும் தன் திட்டத்தைப் பற்றியும் மட்டுமே எழுதலாம். மற்றொரு வேட்பாளரைப் பற்றியோ நடப்புச் செயலவையைப் பற்றியோ குறை சொல்ல வேண்டுமானால் எல்லா உறுப்பினர்களும் இருக்கும் பொதுக் குழுவில்தான் சொல்ல வேண்டும்."

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் நிறைவேற்றினாலும் பாதிச் சண்டை குறையும். இதில் யார் வாயையும் அடைக்கவில்லை. கணக்கில் சந்தேகம் இருந்தால் கேட்கத்தான் வேண்டும், சங்கத்துக்கு அது நல்லது. சம்பந்தப்பட்டவர் முன்னால் கேளுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்து, ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புவது. இரண்டு நண்பர்கள் பேசிக்கொள்வதில் நீங்கள் தலையிட வேண்டாம், தலையிடவும் முடியாது. ஆனால் அதே வாசகம் ஐந்து பேருக்கு மேல் போனால் அது பிரசாரம் என்று வரையறுத்துவிடுங்கள். ஐந்து என்று ஏன் சொல்கிறேன் என்றால், புலனத்தில் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாது, எல்லாருக்கும் நினைவில் நிற்கும் எண் அது. பிரசாரச் செய்தி எதுவானாலும் அதன் நகல் அதே நாளில் தேர்தல் குழுவின் எண்ணுக்கு வர வேண்டும், குழு அதை எல்லா உறுப்பினர்களும் பார்க்கும் இடத்தில் போட்டுவிடும். தனக்குத் தனியாக வந்த செய்தியை உறுப்பினர் அங்கே போய் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். துணைத் தலைவர் பதவியை இருவருக்குப் பேசிவைக்கும் வேலை அப்போது கஷ்டமாகிவிடும்.

எழுத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நம் ஆட்கள், முக்கியமாகப் பெரியவர்கள், எழுதுவதைவிடக் குரல் பதிவில்தான் பேசுகிறார்கள். குரல் பதிவு, படம், காணொளி எல்லாம் சேர்த்துத்தான் செய்தி என்று விதியிலேயே எழுதுங்கள். ஒருமுறை பார்த்ததும் மறைந்துவிடும் படங்கள், குறிப்பிட்ட நேரத்தில் தானாக அழியும் செய்திகள் இவற்றைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்றும் எழுதுங்கள். தன் வாக்குறுதி அழிந்துபோக வேண்டும் என்று நினைக்கும் வேட்பாளரிடம் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை எப்படிக் கொடுப்பது?

அப்புறம் பட்டியல். உறுப்பினர்களின் கைப்பேசி எண்கள் செயலாளரிடம் இருக்கின்றன. சந்தா வாங்க, கூட்ட அறிவிப்பு அனுப்ப என்று கொடுத்த எண்கள் அவை. அதே செயலாளர் தேர்தலில் நிற்கும்போது அந்தப் பட்டியலை எடுத்துத் தனக்கு ஓட்டு கேட்டால், அது எதிரில் நிற்பவருக்கு இல்லாத ஆயுதம். அதோடு, எண்ணைக் கொடுத்தவர் அதற்காகக் கொடுக்கவும் இல்லை. "நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். 2010ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்காக எழுதப்பட்டது. முன்னாள் மாணவர் சங்கத்தின் தேர்தலுக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். உங்கள் விதியிலேயே எழுதிவிடுங்கள்: சங்கப் பட்டியலிலிருந்து எடுத்த எண்ணுக்கு எந்த வேட்பாளரும் பிரசாரம் அனுப்பக்கூடாது. பட்டியலை வைத்திருக்கும் பதவியில் உள்ளவர் நின்றால், வேட்புமனு கொடுக்கும் நாளிலேயே பட்டியலைத் தேர்தல் குழுவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சங்கத்தின் அதிகாரபூர்வக் குழுவில் அவருக்கு இருக்கும் நிர்வாகி உரிமையையும் அன்றே எடுத்துவிடுங்கள். எதிராளியின் பதிவை நீக்கும் பொத்தான் ஒரு வேட்பாளர் கையில் இருக்கக்கூடாது.

இதற்கு மாற்றாகத் தேர்தல் குழு ஒரு வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு வேட்பாளரிடமும் ஒரு செய்தியும் ஒரு குரல் பதிவும் வாங்கி, ஒரே நாளில், ஒரே வரிசையில், எல்லா உறுப்பினர்களுக்கும் குழுவின் எண்ணிலிருந்தே அனுப்புங்கள். வரிசையைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புலனத்தில் ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் வழியாக 256 பேர் வரை அனுப்பலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். ஊரே எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் பழைய தலைவர் அனுப்பினால் எல்லாருக்கும் போகும். புதியவர் அனுப்பினால் பாதிப் பேருக்குப் போகாது, போகவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. அதனால் தேர்தல் குழு தன் எண்ணை முன்கூட்டியே அறிவித்து, எல்லாரையும் சேமித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அது முடியாவிட்டால் தேர்தல் குழு மட்டுமே பேசக்கூடிய ஒரு அறிவிப்புக் குழுவை உருவாக்கி அதில் போடுங்கள், அதுவே எளிது.

தொந்தரவு பற்றிய விதி சுருக்கமாக இருந்தால் போதும். "வேண்டாம்" என்று ஒருமுறை சொன்னவருக்கு மறுபடி அனுப்பக்கூடாது. பதில் சொல்லாதவருக்கு ஒரே ஒரு நினைவூட்டல். இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம். வேட்பாளருக்குப் பதிலாக அவர் மனைவி, கணவர், தம்பி, நண்பர் அனுப்பினாலும் வேட்பாளரே அனுப்பியதாகத்தான் கணக்கு. இந்தக் கடைசி வரியை மறந்தால் விதி முழுவதும் ஓட்டையாகிவிடும்.

அழுத்தம் பற்றிய விதியை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள். யாருக்கு ஓட்டு போட்டாய் என்று கேட்கக்கூடாது. ஓட்டு போட்ட திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லக்கூடாது. கடன், வேலை, சிபாரிசு, பிள்ளையின் படிப்பு உதவி இவற்றை ஓட்டோடு சேர்த்துப் பேசக்கூடாது. வாக்குச் சீட்டுக்குப் பதிலாக வரும் இணைப்பையோ ரகசிய எண்ணையோ இன்னொருவரிடம் கேட்டு வாங்கக்கூடாது. இவை நான்கும் மற்ற மீறல்களைப்போல எச்சரிக்கையோடு போகக் கூடாதவை. நிரூபணமானால் வேட்பாளர் விலக்கப்பட வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

"எங்கம்மாவுக்குக் கைப்பேசியில ஒன்னும் தெரியாது, நான்தான் போட்டுக் கொடுத்தேன்" என்று பலர் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் அந்த அம்மாவின் ஓட்டு அங்கே இல்லாமல் போய்விட்டது. பால் மரம் வெட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, அந்தப் பள்ளியைத் தாங்கிப்பிடித்த தலைமுறை அது. அவர்களுக்கு ஒரு ஓட்டு இருக்கிறது என்றால் அது அவர்கள் கையாலேயே விழ வேண்டும். வாக்களிப்பு நாளில் ஊரில் ஒரு மண்டபத்திலோ கோயில் அன்னதானக் கூடத்திலோ ஒரு உதவி மேசை போடுங்கள். எந்த வேட்பாளருக்கும் வேண்டியவராக இல்லாத இரண்டு பேர் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பெயர்களை வாசித்துக் காட்டி, அவர்களே அழுத்த விடட்டும். நடக்க முடியாதவர்கள் இருந்தால் அந்த இருவரும் வீட்டுக்குப் போகட்டும். செலவு ஒன்றும் பெரிதில்லை.

பிரசாரம் எப்போது நிற்க வேண்டும் என்பதில் குழப்பம் வரும். நம் பொதுத் தேர்தலில் வாக்களிப்பு நாளுக்கு முந்தைய இரவு 11.59க்குப் பிரசாரம் முடிகிறது, வாக்களிப்பு நாளில் பிரசாரம் செய்வது 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்குத்தான், சங்கத்துக்கு இல்லை. ஆனாலும் மக்களுக்குப் பழகிய முறை என்பதால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம்: இணையத் தேர்தலில் வாக்களிப்பு இரண்டு மூன்று நாள் திறந்திருக்கும். அந்த நாள்கள் முழுவதும் தனிச் செய்தி, பொதுக் குழு இரண்டிலும் பிரசாரம் கூடாது. "இன்னும் ஓட்டுப் போடாதவர்கள் போடுங்கள்" என்ற நினைவூட்டலைத் தேர்தல் குழு மட்டும் அனுப்பும். யார் இன்னும் போடவில்லை என்ற பட்டியலை எந்த வேட்பாளருக்கும் காட்டாதீர்கள். சில மென்பொருள்களில் அது நிர்வாகிக்குத் தெரியும், அந்தப் பட்டியல் வெளியே போனால் கடைசி நாளில் போடாதவர்கள் வீட்டுக் கதவெல்லாம் தட்டப்படும்.

புகாரை எப்படி விசாரிப்பது என்று எழுதாத விதி காகிதத்தில்தான் இருக்கும். திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்டை) மட்டும் ஆதாரமாக எடுக்காதீர்கள். பெயரை மாற்றிச் சேமித்து, யார் அனுப்பியதுபோல் வேண்டுமானாலும் ஒரு திரைப்பிடிப்பு தயாரிக்க முடியும். புகார் கொடுப்பவர் தன் கைப்பேசியிலேயே அந்த உரையாடலைத் தேர்தல் குழுவில் இரண்டு பேரிடம் காட்ட வேண்டும், எண்ணோடும் தேதியோடும். செய்தி வந்த 48 மணி நேரத்துக்குள் புகார் வர வேண்டும். அனுப்பியவர் "எல்லாருக்கும் நீக்கு" என்று அழிக்க ஏறக்குறைய இரண்டு நாள் அவகாசம் இருப்பதால், வாங்கியவர் தாமதித்தால் ஆதாரமே போய்விடும். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறியோடு பலமுறை பகிரப்பட்டது என்று இருந்தால், அது யாரிடமிருந்து தொடங்கியது என்று அந்த ஒரு கைப்பேசியை வைத்துச் சொல்ல முடியாது. அந்த மாதிரிச் செய்திக்கு வேட்பாளரைத் தண்டிக்காதீர்கள், பொதுவில் மறுப்பு மட்டும் போடுங்கள். புகாருக்கு ஆளானவருக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்துப் பதிலைக் கேளுங்கள்.

தண்டனை படிப்படியாக இருக்கட்டும். முதலில், அனுப்பிய செய்தியைப் பொதுக் குழுவில் தானே போட்டு விளக்கம் தர வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும், தனியாக எழுதியதை ஊர் முன்னால் வைப்பது சுலபமில்லை. இரண்டாவது முறை நடந்தால், மீதி நாள்களுக்கு அவர் தனிச் செய்தி அனுப்பக்கூடாது. மூன்றாவது முறையோ, நான் மேலே சொன்ன நான்கு அழுத்தக் குற்றங்களில் ஒன்றோ என்றால் விலக்கல். எல்லாப் புகாரும் வாக்குகளைத் திறப்பதற்கு முன்பே முடிக்கப்பட வேண்டும். முடிவு தெரிந்த பிறகு வரும் புகாரை ஏற்காதீர்கள், ஓட்டைத் திருடியது தெரியவந்தால் தவிர. இல்லாவிட்டால் தோற்ற ஒவ்வொருவரும் ஒரு திரைப்பிடிப்போடு வந்து நிற்பார்.

மிரட்டல், ஆபாசம், பெண்களைக் கேவலமாகப் பேசுவது ஆகியவற்றைத் தேர்தல் குழு உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ண வேண்டாம். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் போலீசில் புகார் கொடுக்கத் துணையாகப் போங்கள்.

தேர்தல் குழுவில் யார் இருப்பது? "வேட்பாளரின் உறவினர் கூடாது" என்று எழுதினால் நம் தோட்டங்களில் ஆளே மிஞ்சமாட்டார்கள், கொள்வினை கொடுப்பினையில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். அதனால் வேறு தோட்டப் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவரையோ, வேறு ஊரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையோ குழுத் தலைவராகக் கேளுங்கள். அடுத்த முறை அவர்கள் தேர்தலுக்கு நீங்கள் ஒருவரை அனுப்பலாம். இப்படி மாறி மாறிச் செய்வதை எல்லாச் சங்கங்களும் பழக்கமாக்கிக்கொண்டால் மிகவும் நல்லது.

கடைசியாகச் சட்டப் பக்கம். உங்கள் சங்கம் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றது என்றால், உங்கள் பதிவு செய்யப்பட்ட சட்டவிதி தேர்தலைப் பற்றி என்ன சொல்கிறது என்று முதலில் எடுத்துப் படியுங்கள். "பொதுக்கூட்டத்துக்கு வந்திருப்போர் தேர்ந்தெடுக்க வேண்டும்" என்று இருந்தால், இணைய வாக்கையே யாராவது கேள்வி கேட்கலாம். தனிச் செய்தி விவகாரத்தைவிட அது பெரிய ஆபத்து. சட்டவிதியைத் திருத்தினால் சங்கப் பதிவிலாகாவின் ஒப்புதல் வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும், அதனால் இப்போதே தொடங்குங்கள். பிரசார நடத்தை விதியைச் சட்டவிதிக்குள் நுழைக்க வேண்டியதில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தனித் தீர்மானமாக நிறைவேற்றினால் பிறகு அனுபவத்தைப் பார்த்து மாற்றிக்கொள்வது சுலபம். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை போக வேண்டும், புதிய பொறுப்பாளர்களின் பெயர்களும் அதோடு போகும். புகார் விசாரணை அதற்கு மேல் இழுத்தால் அந்த வேலையும் சேர்ந்து சிக்கும்.

தீர்மானம் நிறைவேறியதும், விதி முழுவதையும் ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்து வேட்புமனுப் படிவத்தின் பின்னால் சேர்த்துவிடுங்கள். படித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் மனு செல்லும். அதே பக்கத்தைக் குரல் பதிவாகவும் ஒருவரைப் படிக்கவைத்து எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். எந்தச் செய்தி விதிக்கு உட்பட்டது, எது மீறல், யாரிடம் சொல்வது என்று வாக்காளருக்கும் தெரிந்தால்தான் உங்களுக்குப் புகாரே வந்து சேரும்.